கிரௌஞ்சம் அன்றில் அல்ல, ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ராயபுரத்துக்காரன். சென்னைத் துறைமுகத்தில் 33 வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். உங்கள் நாளிதழை டீக்கடையில் ஓசியில் படிக்க ஆரம்பித்து, கல்யாணத்துக்கு அப்புறம் காசு கொடுத்து வாங்கத் தொடங்கினேன். இத்தனை வருஷத்தில் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. குடிநீர் வராததற்குக்கூட எழுதவில்லை. இப்போது ஒரு பறவைக்காக எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் 'சொல்லும் பொருளும்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். அதில் 'கிரௌஞ்சம்: அன்றில் பறவையின் வடமொழிப் பெயர்' என்று ஒரு வரி. பக்கத்தில் படம். மரக்கிளையில் இரண்டு பறவைகள் மூக்கோடு மூக்கு வைத்து உட்கார்ந்திருந்தன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். மூர்மார்க்கெட்டில் கூண்டில் போட்டு ஜோடி இவ்வளவு என்று விற்பார்களே, அந்த லவ் பேர்ட்ஸ். ஏழாவது படிக்கும் என் பேத்தி அதைக் கத்தரித்துப் பள்ளிக்கூட நோட்டில் ஒட்டிவிட்டாள். கம் காய்வதற்குள் பிய்த்துவிடலாம் என்று போனேன். "தாத்தா, பேப்பர்லயே போட்டுகிறாங்க, நீ இன்னா சொல்ற?" என்றாள். அச்சில் வந்துவிட்டால் தாத்தன் பேச்சு எடுபடாது. ஆகவே அச்சிலேயே பதில் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கிரேன் ஓட்டியவனுக்குக் கிரௌஞ்சத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1979-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஜவஹர் டாக்கில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் கிரேன் என்று சொல்லவே மாட்டார். "இன்னாடா, கொக்கு மேல ஏறிட்டியா?" என்பார். பகல் பாளி, ராப் பாளி, எந்த ஷிப்டானாலும் அதே கேள்வி. அவர் விளையாட்டாகச் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. இங்கிலீஷில் கிரேன் என்பது முதலில் பறவையின் பெயர்தான். நீண்ட கழுத்தை இறக்கி எதையோ கொத்தித் தூக்குகிற தோற்றத்தைப் பார்த்து இயந்திரத்துக்கும் அதையே வைத்துவிட்டார்கள். கிரேக்கத்தில் 'கெரனோஸ்' என்றாலும் அப்படியே, பறவையும் அதுதான், பாரம் தூக்கும் பொறியும் அதுதான். கரகரவென்று கத்துவது என்ற பொருள் உள்ள ஒரு பழைய வேரிலிருந்து இரண்டு சொல்லும் வந்தன என்கிறார்கள் மொழிநூலார். கிரௌஞ்சத்தையும் இந்தக் குடும்பத்தில் ஒட்டிவிட எனக்குக் கை பரபரத்தது. காதுக்கு ஒன்றாகக் கேட்கிறதே என்பதற்காக ஒட்டக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

அடக்கச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் டேலி கிளார்க் ஒருவர். மூட்டை எண்ணுகிற வேலை, வீட்டில் சமஸ்கிருதம். கப்பல் இல்லாத மத்தியானங்களில் கிரேன் நிழலில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் சுலோகம் சொல்வார், நாங்கள் ஊறுகாய் கடன் வாங்குவோம். ராமாயணம் பிறந்த கதையை நான் முதலில் கேட்டது அங்கேதான். தமசை ஆற்றங்கரையில் வால்மீகி குளிக்கப் போகிறார். ஒரு ஜோடிப் பறவை. வேடன் ஆணை அடித்துவிடுகிறான். அது ரத்தத்தோடு தரையில் புரள, பெண் பறவை கதறுகிறது. முனிவர் வாயிலிருந்து 'மா நிஷாத' என்று சாபம் கிளம்புகிறது, அதுவே முதல் சுலோகம் ஆகிவிடுகிறது. சோகத்திலிருந்து சுலோகம் என்பார்கள். அந்தச் சாபத்தின் இரண்டாவது அடியில்தான் 'க்ரௌஞ்ச மிதுனம்' வருகிறது. மிதுனம் என்றால் ஜோடி. சரி, கிரௌஞ்சம்?

"காக்கா ஏன் காக்கா?" என்று திருப்பிக் கேட்டார் கிளார்க். கா, கா என்று கத்துவதால். "அவ்வளவுதான்யா" என்றார்.

அந்த 'அவ்வளவுதான்யா'வுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய சண்டை இருக்கிறது என்று ஓய்வு பெற்று, எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் உட்கார ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. வேதச் சொற்களுக்கு வேர் சொன்ன யாஸ்கர் என்று ஒருவர். அவருடைய நிருக்தம் என்ற நூலில் காகம் என்பது ஒலியைப் போலச் செய்த பெயர், பறவைகளின் பெயர்களில் இது நிறைய உண்டு என்று சொல்லிவிட்டார். உடனே அடுத்த வரியிலேயே, ஒலியைப் போலச் செய்த பெயர் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ஔபமன்யவர் என்ற இன்னொரு ஆசிரியர் சொல்வதையும் எழுதிவைத்திருக்கிறார். அவர் கட்சிப்படி காகம் என்றால் விரட்டப்பட வேண்டியது. காக்காய் கத்துவதை விட்டுவிட்டு அதை விரட்டுகிற கையிலிருந்து பெயரை எடுக்கிறார்! வடாம் காயப்போடுகிற வீட்டில் பிறந்திருப்பார் போல.

கிரௌஞ்சத்துக்கும் இதே இரண்டு கட்சி. சொல்லின் பழைய உருவம் 'க்ருஞ்ச்'. யஜுர் வேதத்தில் இருக்கிறது, பாணினி சூத்திரத்திலும் இருக்கிறது. இலக்கணக்காரர்களின் தாதுப் பட்டியலில் க்ருஞ்ச் என்ற வேருக்கு வளைதல், சுருங்குதல் என்று பொருள் போட்டிருக்கிறார்கள். பட்டியலை நம்பினால் கிரௌஞ்சம் வளைந்த எதையோ உடைய பறவை. காதை நம்பினால் க்ருஞ்ச் என்று கத்துகிற பறவை. நான் காதுக் கட்சி. அதற்குக் காரணம் இருக்கிறது. பழைய வார்ஃப் கிரேனின் உச்சியில் கப்பி இருக்கும், அதன்மேல் கம்பிக் கயிறு ஓடும். கிரீஸ் காய்ந்துபோனால், பாரத்தோடு கயிறு ஏறும்போது முதலில் 'க்ர்ர்' என்று தொண்டை செருமும். பிறகு திடீரென்று நீளமாக ஒரு 'ஔ' கிளம்பும். பாரம் தரையை விட்டுக் கிளம்பி ஒரு குலுக்கு குலுக்கும்போது 'ஞ்ச்' என்று மூக்கில் முடியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கேபினில் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டவன் கிரௌஞ்சம் என்ற சொல்லை வேறு எங்கிருந்தும் வந்ததாக நினைக்க மாட்டான். கீழே சிக்னல் மேன் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சுற்றிக்கொண்டே இருப்பான், தூக்கு, தூக்கு என்று. அவனுக்கு என்ன, சத்தம் எனக்குத்தானே.

இது கப்பி சாட்சி. புத்தகச் சாட்சியும் உண்டு. பாலி மொழியில் இதே சொல் 'கோஞ்ச' ஆகிவிட்டது. யானை பிளிறுவதை அந்த மொழியில் 'கோஞ்சநாதம்' என்கிறார்கள். யானைக்கு உவமையாகிற அளவுக்குத் தொண்டை உள்ள பறவை எது? சாரஸ் போன்ற பெருங்கொக்குகளுக்கு மூச்சுக்குழல் நீண்டு நெஞ்செலும்புக்குள்ளே போய் மடிந்து திரும்பும். நாதசுரம் மாதிரி நீளக் குழல், அதனால் அவ்வளவு சத்தம். சங்கீதக்காரர்களும் ஏழு சுரத்துக்கு ஏழு பிராணிகளைச் சொல்லும்போது மத்தியமத்தைக் கிரௌஞ்சத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். பஞ்சாபியில் பெருங்கொக்கு இனத்துக்கு இன்றைக்கும் 'கூஞ்ஜ்' என்று பெயர். குளிர்காலத்தில் ராஜஸ்தானத்துக் கீச்சன் கிராமத்தில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் சின்னக் கொக்குகளை அங்கே 'குர்ஜா' என்று கூப்பிடுகிறார்கள். பேர் இன்னும் செத்துப்போகவில்லை, கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு சாட்சி பாரதத்திலும் இருக்கிறது. குருட்சேத்திரத்தில் இரண்டாம் நாள் பாண்டவர் படை கிரௌஞ்ச வியூகமாக நின்றது. தலைக்குத் துருபதன். கழுத்துக்கு மட்டும் நாலைந்து தேசத்துப் படைகளை வரிசையாக நிறுத்தவேண்டியிருந்தது. உங்கள் படத்திலிருந்த பச்சைக் குருவிக்கு இரண்டு சிப்பாய் போதும்.

வால்மீகி பார்த்த கிரௌஞ்சம் எது என்ற கேள்விக்கு 1998-ல் ஜூலியா லெஸ்லி என்ற அறிஞர் நீண்ட கட்டுரை எழுதி, அது சாரஸ் கொக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். அந்தக் காட்சியில் வால்மீகி ஆண் பறவைக்கு 'தாம்ரசீர்ஷம்' என்று ஒரு அடைமொழி கொடுக்கிறார், செம்புத் தலை. சாரஸுக்கு உடம்பு சாம்பல், தலையும் மேல்கழுத்தும் மட்டும் இறகில்லாமல் சிவப்பு. உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவை அது. பறக்கும் பறவைகளில் அதைவிட உயரம் உலகத்தில் இல்லை.

அதை நான் பார்த்திருக்கிறேன். 2014-ல் காசிக்குப் போய்விட்டு அயோத்தி போகிற வழியில் வேன் பஞ்சர். தமசா என்ற பெயரில் ஒரு ஆறு அந்தப் பக்கத்தில் இன்னும் ஓடுகிறது. டிரைவர் ஜாக்கி போடுகிற நேரத்தில் நெல் வயலில் இரண்டு பேர் நிற்கிற மாதிரி தெரிந்தது. என் வீட்டம்மா, "பாவம், வெயில்ல நாத்து நடறாங்க" என்றாள். அந்த இரண்டு பேரும் திடீரென்று தலையை வானத்துக்குத் தூக்கினார்கள். ஒன்று நீளமாக ஒரு சத்தம் கொடுத்தது. அது முடிவதற்குள் மற்றது இரண்டு குட்டைச் சத்தம். மறுபடியும் ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. ஜோடி சேர்ந்து இப்படித்தான் கத்துமாம், ஒன்று சொல்வது ஆண், இரண்டு சொல்வது பெண். "நம்ம வூட்டு மாதிரியே" என்றேன். வீட்டம்மா பேசவில்லை. வேனுக்குள் போய் உட்கார்ந்த பிறகுதான், "ஒண்ணைக் கொன்னுட்டா இன்னொண்ணு அந்த ரெண்டை யார்கிட்ட சொல்லும்?" என்றாள். வால்மீகி விஷயம் அவளுக்கு அதற்குமுன் தெரியாது.

இன்னொன்றும் கவனித்தேன். சாரஸ் மரத்தில் உட்காராது. அதன் பின்விரல் குட்டையாக மேலே தூக்கிக்கொண்டிருக்கும், கிளையைப் பிடிக்க வராது. கூடும் தண்ணீர் தேங்கிய வயலில், நாணலையும் புல்லையும் குவித்துத் தரையிலேயே கட்டும். வால்மீகியும் மரக்கிளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கிளையை ஒட்டியதெல்லாம் படம் போடுகிறவர்கள் வேலை.

இப்போது அன்றிலுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குக் கோபம். வடமொழிப் பறவையைத் தப்பாகச் சொன்னால் அது வடமொழிக்காரர்கள் கவலை என்று விட்டுவிடலாம். நம் பறவையை அழித்துவிட்டு அந்த இடத்தில் அதைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் விட முடியுமா? அன்றிலை நம் ஆட்கள் எவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்கிறார்கள் என்பதற்குக் குறுந்தொகை 160-ம் பாட்டு போதும்.

'நெருப்பின் அன்ன செந்தலை அன்றில்
இறவின் அன்ன கொடுவாய்ப் பெடையொடு'

இறவு என்றால் வேறொன்றும் இல்லை, இறா. காசிமேட்டில் விடியற்காலையில் கூடை கூடையாகக் கொட்டுகிறதே, அதே இறா. இந்த வரியைப் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது வீட்டம்மா அடுப்பங்கரையில் இறா உரித்துக்கொண்டிருந்தாள். காசிமேட்டுப் பெண், பார்க்காமலேயே உரிப்பாள். முழுசாக ஒன்றை எடுத்து, தலைப் பக்கத்தைப் பிடித்துப் பேத்தி கண்ணுக்கு நேரே தொங்கவிட்டேன். தலையிலிருந்து கிளம்பி முதுகு மெதுவாக வளைந்து, வால் கீழே வந்து உள்பக்கமாக லேசாக மடிகிறது. தடித்து ஆரம்பித்துப் போகப்போக மெலிகிறது. கட்டுக்கட்டாகக் கோடு வேறு. "இது மூக்கா?" என்றாள். மூக்குதான். கீழ்நோக்கி வளைந்த நீண்ட மூக்கு உள்ள பறவைக்கு இதைவிட நல்ல உவமை கடற்கரையில் பிறந்தவனுக்குக் கிடைக்காது. "வெளாட்டு போதும், குடு, அரை கிலோ நானூறு ரூபா" என்று வீட்டம்மா பிடுங்கிக்கொண்டாள்.

இன்னொரு பாட்டு, குறுந்தொகை 301. அன்றில் பனைமரத்துக் 'கொழுமடல்' மேல் 'சிறுகோல் குடம்பை' கட்டுகிறது, அதாவது சின்னச் சின்னக் குச்சியால் கூடு. நடுராத்திரியில் கத்துகிறது. பிரிந்திருப்பவர்களுக்கு அந்தச் சத்தம் தாங்கவில்லை. இதில் எது சாரஸுக்குப் பொருந்தும்? பனையில் ஏற முடியாது, குச்சிக் கூடு கிடையாது, மூக்கு ஈட்டி மாதிரி நேர். தமிழ்நாட்டில் அது இல்லவும் இல்லை.

என் சின்ன மகளை உடன்குடிப் பக்கம் கொடுத்திருக்கிறேன். கருப்பட்டிக்குப் பேர்போன ஊர், கண் போகிற தூரத்துக்குப் பனை. ஒரு வருஷம் திருச்செந்தூரில் சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு அங்கே போய்த் தங்கினேன். பொழுது சாய்கிற நேரத்தில் கறுப்பாக இரண்டு பறவைகள் வந்து பனை உச்சியில் இறங்கின. தோளில் ஒரு வெள்ளைத் திட்டு. உச்சந்தலையில் இறகே இல்லாமல், நெருப்புத்துண்டு வைத்த மாதிரி சிவப்பு மரு. மூக்கு அப்படியே இறா. இறங்கியதும் ஒன்று வாயைத் திறந்தது பாருங்கள், யாரையோ கழுத்தைப் பிடித்த மாதிரி ஒரு அலறல். சம்பந்தி அதைக் கவனிக்கக்கூட இல்லை, அவருக்குத் தினம் கேட்கிற சத்தம். 'நரலும்' என்று குறுந்தொகைக்காரர் சொல்வது இதுதான் என்று அன்றைக்கு விளங்கியது. பறவைப் புத்தகங்களில் அரிவாள் மூக்கன் என்று ஒரு கூட்டம் இருக்கிறதல்லவா, அதில் கறுப்பு ஜாதி இது. அரிவாளும் நல்ல உவமைதான். ஆனால் இறாவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிறகு எப்படிக் கிரௌஞ்சமும் அன்றிலும் ஒன்றாயின? என் யோசனையைச் சொல்கிறேன், தப்பென்றால் தமிழ் வாத்தியார்கள் திருத்தட்டும். அங்கே செம்புத் தலை, இங்கே செந்தலை. அங்கேயும் ஜோடி பிரியாது, இங்கேயும் பிரியாது. அங்கேயும் பிரிந்தவர் படும் துயரம், இங்கேயும் அதே. ராமாயணத்தைத் தமிழில் சொல்ல உட்கார்ந்தவர், பிரிந்தால் உயிர் விடுகிற பறவை என்றதும் கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டிருப்பார். கவிதைக்கு அது பழுதில்லை. பெயருக்குப் பொருள் சொல்கிற இடத்தில் பழுது. வெள்ளைக்காரர்களும் இதே குழியில் விழுந்தவர்கள்தான். 1899-ல் வந்த மோனியர் வில்லியம்ஸ் அகராதியில் கிரௌஞ்சத்துக்குக் கர்லூ என்று போட்டிருக்கிறது. கர்லூ எண்ணூர் கழிமுகத்துச் சேற்றுக்குக் குளிர்காலத்தில் வந்துபோகிற பறவை. நீள மூக்கு கீழே வளைந்து, நண்டு வளைக்குள் விட்டுத் துழாவும். முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை அங்கே விட்டுவிட்டு நின்று பார்ப்பேன், இப்போது சாம்பல் படிந்த சேறுதான் அதிகம் தெரிகிறது. அகராதிக்காரர் கண்ணில் அந்தத் தாதுப் பட்டியலின் 'வளைதல்' விழுந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இத்தனைக்கும் கிரௌஞ்சத்துக்கு நல்ல தமிழ் ஏற்கனவே இருக்கிறது. அந்தப் பறவையின் பெயர் கொண்ட மலையைப் பாதிப் பேர் தினமும் பாடுகிறார்கள், தெரியாமல். 'குன்றுருவ வேல்வாங்கி நின்றமுகம் ஒன்றே' என்று திருப்புகழில் வருகிறதே, அந்தக் குன்றுதான் கிரௌஞ்ச மலை. வழி மறித்த அசுரன் அகத்தியர் சாபத்தால் மலையாகவே நின்றுவிட்டான், தாரகனோடு சேர்த்து முருகன் வேலால் பிளந்தார் என்பது கந்தபுராணம். கந்தகோட்டத்தில் சஷ்டிக்கு நிற்கிற கூட்டத்தில் யாரையாவது அந்த மலைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். பறவைப் பெயர் என்று சொல்ல மாட்டார்கள். மலைக்குப் பறவைப் பெயர் வந்ததும், மலை பிளந்ததும் வெறும் கதையில்லை போலும். காளிதாசன் மேகத்தைத் தூது விடும்போது கிரௌஞ்ச மலையில் ஒரு துளையைக் காட்டி அது அன்னங்கள் போகிற வாசல் என்கிறான். அங்கே துளை போட்டவன் பரசுராமன், அது வேறு வழக்கு. இமயத்தைத் தாண்டிப் போகிற பறவைகளுக்குக் கணவாய் வேண்டாமா?

இளங்கோவடிகள் இந்த மலையைக் குன்றக்குரவையில் சொல்கிறார்: 'குருகுபெயர்க் குன்றங் கொன்ற நெடுவேலே'. குருகின் பெயர் கொண்ட குன்றம். கிரௌஞ்சம் என்ற சொல்லை அப்படியே எடுத்து வைக்கவில்லை, அன்றில் என்றும் மாற்றவில்லை. குருகு என்று பொருளைப் பெயர்த்துவிட்டார். குருகு நம்மிடம் பரந்த சொல். நாரையும் குருகு, கொக்கும் குருகு. கபிலர் பாட்டில் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனுக்குக் காத்துக்கொண்டு, தினைத்தாள் மாதிரி பசுங்கால்களோடு ஒரு குருகு நிற்கிறதல்லவா, தலைவன் கைப்பிடித்த அன்றைக்குச் சாட்சியாக இருந்த ஒரே உயிர். அது சின்னக் கொக்கு. ஆனாலும் நீள்கழுத்தும் நெடுங்காலும் நேர்மூக்கும் உள்ள நீர்ப்பறவைக் குடும்பம் என்கிற அளவில் இளங்கோ குறி தப்பவில்லை. ஊரில் இல்லாத சாரஸுக்கு ஊரில் இருக்கிற குடும்பப் பெயரைக் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தது நம் சிறுவர் பக்கத்துக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். பாலையும் தண்ணீரையும் பிரிப்பது அன்னம் என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். யஜுர் வேதத்து மந்திரத்தில் தண்ணீரிலிருந்து பாலைப் பிரித்துக் குடிப்பது க்ருஞ்ச். அன்னம் அடுத்த மந்திரத்தில் வந்து சோமத்தைப் பிரிக்கிறது. பிற்காலத்தில் அன்னம் சோமத்தை விட்டுவிட்டுக் கிரௌஞ்சத்தின் பாலைத் தட்டிப் பறித்துக்கொண்டது. பாலும் போச்சு, இப்போது உங்கள் பக்கத்தில் பேரும் போகப் பார்க்கிறது.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதானால் வேன் பஞ்சரை வெட்டுங்கள், இறாவை வெட்டாதீர்கள். அடுத்த ஞாயிறு அதே கட்டத்தில் 'கிரௌஞ்சம்: பெருங்கொக்கு வகை, சத்தத்தால் வந்த பெயர், பழந்தமிழில் குருகு' என்று ஒரு வரி போட்டால் போதும். அன்றிலுக்குத் தனியாக ஒரு கட்டம் கொடுங்கள், அதற்குத் தகுதி உண்டு.

படத்துக்கு உங்கள் ஓவியர் கஷ்டப்பட வேண்டாம் என்று பேத்தி வரைந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். இடது பக்கம் பனைமரத்தில் இருப்பது அன்றில். வலது பக்கம் வயலில் நிற்பது கிரௌஞ்சம். அதன் கழுத்தில் கொக்கி மாதிரி தெரிவது வரைந்தவளின் தப்பு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து கழுத்து எப்படி வளையும் என்று கை காட்டியவன் நான். நோட்டில் ஒட்டிய லவ் பேர்ட்ஸின் மேல் இதைத்தான் ஒட்டப் போகிறாள். புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம். ஆகவே அச்சானாலும் ஆகாவிட்டாலும், தபால்தலை ஒட்டிய உறை வைத்திருக்கிறேன், படத்தை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிரேன் ஆபரேட்டர்,
ராயபுரம், சென்னை - 13.